காகிதத்த மட்டும் படிச்சிடாத பேராண்டி

ஏண்டா பேராண்டி, ஆல்பம் போடப் போறியாமே! பரனூர் டோல்கேட்டு வரைக்கும் சேதி போயிருக்கு, எனக்குத்தான் கடைசியாத் தெரியுது. உங்கம்மா வந்து திண்ணையில குந்திக்கினு சொன்னா: "மாமா, புள்ள ஆறு பாட்டு பண்ணிட்டான். சாலிகிராமத்துல ஸ்டூடியோ புடிச்சு ரெக்கார்டிங்கும் முடிச்சிட்டான். கம்பெனிக்காரன் காகிதம் அனுப்பியிருக்கான், கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி." சந்தோசம்டா. நம்ம வம்சத்துல பாடிக் கெட்டவன் உண்டு, பாடி வாழ்ந்தவன் இல்ல. நீ மொத ஆளா இரு.

போஸ்டரும் பாத்தன். தோள்ல துண்டு, கையில பறை, பின்னாடி ஏர்க்கலப்பை. அந்தக் கலப்ப உனக்கு எங்கடா கெடச்சுது? நம்ம ஊர்ல கலப்பய அடுப்புல வச்சு எத்தினியோ வருசமாச்சே. கடக்கர ரோட்டு ரிசார்ட்டு வாசல்ல அழகுக்கு நிக்க வச்சிருக்கான் பாரு, அதுவாத்தான் இருக்கும். வேட்டியும் ஒட்டிக்கிற வேட்டி. போவட்டும். நாட்டுப்பாட்டுக்காரன்னா இப்படித்தான் இருக்கணும்னு பட்டணத்துல முடிவாயிட்டுது. நெசமான கிராமத்தான் பேண்ட்டு மாட்டிக்கினு மகேந்திரா சிட்டிக்கு நைட்டு ஷிப்டு போறான், அவனப் படம் புடிச்சா எவன் பாப்பான்?

மூஞ்சியச் சுளிக்காத. கெழவன் உன்னத் தடுக்க வரல, முன்னுக்கு வர்றதுக்கு வழி சொல்லத்தான் வந்தன். மொத வழி: அந்தக் காகிதத்தப் படிக்காத. பாட்டுக்காரன் காகிதம் படிச்சா ராசி கெட்டுடும். எல்லாம் இங்கிலீசு, பொடி எழுத்து. கடைசிப் பக்கத்துல பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பான், அந்த எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு ஒரு செல்பி எடுத்துப் போடு. ஊரே வாழ்த்தும். மிச்சத்தக் கம்பெனிக்காரன் பாத்துப்பான், ரொம்ப நல்லாப் பாத்துப்பான்.

"தாத்தா, அறிவு மாதிரி நானும் வருவன்"னு சொன்னியாமே. அடேங்கப்பா. அந்தக் கதைய முழுசாத் தெரிஞ்சுக்கினுதான் சொன்னியா?

எஞ்சாய் எஞ்சாமி 2021 மார்ச்சு 7ந் தேதி வந்துது. பாடனது தீயும் அறிவும், தயாரிச்சது சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜான்னு புதுசாப் பொறந்த கம்பெனி. ஏ.ஆர். ரகுமான் ஆதரவு இருக்குன்னு சொல்லித்தான் அது வந்துது. பாட்டுக்குப் பின்னாடி சினிமா இல்ல, ஈரோ இல்ல. எங்க காலத்துல சினிமா இல்லாம ஒரு பாட்டு ஓடணும்னா சாமி தொண வேணும். ஆடி மாசம் கூழ் ஊத்தற எடத்துல எல்.ஆர். ஈஸ்வரி கேசட்டு ஓடும், கார்த்திக மாசம் வீரமணி கேசட்டு. அத்த வுட்டா பஸ்ஸுல விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி. இந்தப் பாட்டு அத்தினியும் தாண்டி எகிறிடுச்சு. யூடியூப்புல மட்டும் 40 கோடி தடவைக்கு மேல பாத்திருக்காங்க. டிஜே ஸ்னேக்குன்னு ஒரு பிரெஞ்சுக்காரன் தன் பங்குக்கு அத்தக் கலக்கி ஒரு தபா வுட்டான். நம்ம பக்கத்துல மஞ்சத் தண்ணி ஊத்தற வூட்லருந்து நாப்பது டெசிபலுக்கு மேல காது போன என் வரைக்கும் அந்தப் பாட்டு வந்து சேந்துது.

அறிவு யாரு? வெளியூரா? செங்கல்பட்டு ஜங்சன்ல அரக்கோணம் வண்டி ஏறி, காஞ்சிபுரம் தாண்டிக் கடைசில எறங்குனா அவரு ஊரு. அவரு பாட்டி வள்ளியம்மாள். அந்தக் குடும்பம் இலங்கைக்குத் தேயிலத் தோட்டத்துக் கூலியாப் போயி, பொறவு கையில ஒண்ணுமில்லாமத் திரும்பி வந்த குடும்பம். 1964ல சிரிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒக்காந்து ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டாங்க: 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு அங்கியே, மிச்சத்தப் பொறவு பாத்துக்கலாம். மலையில நட்டது யாரு, பறிச்சது யாருன்னு அந்தக் காகிதத்துல இல்ல, தல எண்ணிக்க மட்டும்தான். கையெழுத்துப் போட்டவங்க ரெண்டு பேரு, மூட்ட கட்டனவங்க லட்சக்கணக்குல. அந்த மூட்டையில வந்த ஒப்பாரியும் கதையும்தான் பேரன் வாயி வழியா ஒலகத்துக்குப் போச்சு. காகிதத்தப் பத்தி உங்க தாத்தனுக்கு ஏன் இத்தினி ஆத்திரம்னு இப்பப் புரியுதா?

சரி, பாட்டு ஓடிப்போச்சு. பொறவு? அதே வருசம் ஆகஸ்டுல ரோலிங் ஸ்டோன் இந்தியான்னு பத்திரிக, அட்டையில தீ படமும் ஷான் வின்சென்ட் டி பால் படமும் வந்துது, அறிவு இல்ல. பா. ரஞ்சித்து கேள்வி கேட்டாரு, ஊரே கேட்டுது. அப்பறம் அறிவுக்கும் தனியா ஒரு அட்டை போட்டாங்க. பந்தியில மறந்துட்டு, எல எடுக்குற நேரத்துல கூப்புட்டு ஒக்கார வச்ச மரியாத.

அடுத்த வருசம் நம்ம ஊட்டாண்டையே வந்துது பாரு கூத்து. 2022 ஜூலை 28லருந்து ஆகஸ்டு 10 வரைக்கும் செஸ் ஒலிம்பியாடு. ஆட்டம் மாமல்லபுரம் பூஞ்சேரியில. 180 நாட்டுக்கு மேல வந்தாங்க. பட்டணத்துல நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளக் கட்டம் அடிச்சாங்க. வேட்டி சட்ட கட்டுன குதிர ஒண்ணு வச்சு அதுக்குத் 'தம்பி'ன்னு பேரும் வச்சாங்க. நேரு ஸ்டேடியத்துல தொடக்க விழா. பிரதமரு, முதலமைச்சரு எல்லாரும் குந்தியிருக்க, மேடையில எஞ்சாமிப் பாட்டு. பாடனது தீயும் கிடக்குழி மாரியம்மாளும். அறிவு இல்ல. குதிரைக்குப் பேரு இருந்துது, எழுதனவரு மேடையில இல்ல.

நாலு நாள் கழிச்சு அறிவு எழுதுனாரு: பாட்ட நான்தான் கட்டுனன், எழுதுனன், பாடுனன், ஆறு மாசம் தூக்கம் கெட்டன், இதுல என் முன்னோருங்க வாழ்க்க கீதுன்னு. சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னாரு: இது மூணு பேரு கூடிப் பண்ணது, வர்ற காச மூணு பேரும் சமமாப் பிரிச்சுக்கறதாப் பேச்சுன்னு. தீயும் தன் பங்குக்குச் சொல்லிச்சு, அறிவ எங்கியும் நான் குறைச்சுப் பேசலன்னு. யாரு சொன்னது சரின்னு தீர்ப்புச் சொல்ல நான் நாட்டாமை இல்ல, சொம்பும் வூட்ல இல்ல. ஆனா 2024 மார்ச்சுல, பாட்டுக்கு மூணு வருசம் முடிஞ்சப்ப, அதே சந்தோஷ் நாராயணன் வீடியோல வந்து சொன்னாரு பாரு: இந்தப் பாட்டால இதுவரைக்கும் எங்களுக்கு ஒரு பைசா வரல, ரகுமானும் இதுல ஏமாந்தவருதான்னு. கம்பெனி தன் பக்கத்துக்கு ஒரு அறிக்க வுட்டுது.

இப்பக் கணக்குப் போடு. பூச்சியத்த மூணாப் பிரிச்சா ஆளுக்கு எவ்ளோ? நீதான் பி.இ. படிச்சவனாச்சே.

அதுக்குத்தான் சொல்றன், இந்த மாதிரி கவலை உனக்கு வேணாம், காகிதத்தப் படிக்காமப் போட்டுடு. படிச்சாத்தானே கேள்வி வரும்? கேள்வி வந்தாத்தானே கம்பெனிக்காரன் மூஞ்சி கோணும்?

வடநெம்மேலி போயிருக்கியா? முதலப் பண்ணைக்குள்ள இருக்கற இருளர் பாம்பு புடிக்கிறவங்க சங்கம்? மொதல்ல பாம்புத் தோலுக்காகப் புடிச்சுக்கினு இருந்தாங்க. 1972ல வன உயிர்ச் சட்டம் வந்துது, நாலஞ்சு வருசத்துல தோல் ஏத்துமதியும் நின்னுது, அடுப்பு அணைஞ்சுது. ரோமுலஸ் விட்டேக்கரு கூட நின்னு 1978ல ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவு பண்ணாங்க. எப்படி நடக்குதுன்னு கேளு. அரசாங்கம் எத்தினி பாம்பு புடிக்கலாம்னு உத்தரவு குடுக்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்ட விரியன்னு சொல்றானுங்களே, அந்த நாலு சாதி மட்டும்தான். புடிச்சவருக்குப் பாம்புக்கு இவ்ளோன்னு காசு. பானையில வச்சு வாரத்துக்கு ஒரு தபா விஷம் எடுப்பாங்க, மூணு நாலு வாரம். அப்பறம் வயித்துல அடையாளம் போட்டு, திரும்பக் காட்டுல வுட்டுடுவாங்க. விஷம் கிராம் கணக்குல விலை போவுது. நாட்டுல விஷமுறி ஊசிக்கு வேண்டிய விஷத்துல பெரும்பங்கு இங்கருந்துதான். 2023ல நம்ம மாவட்டத்து இருளருங்க ரெண்டு பேருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பத்மஸ்ரீ வந்துது.

விஷத்துக்குச் சங்கம் கீது, எடை கீது, வெல கீது. கொடுத்த பாம்பு நாலு வாரத்துல விடுதலையாவுது. உன் காகிதத்துல எத்தினி வருசம் போட்டிருக்கான்? என்கிட்ட உங்கம்மா காட்டுன பக்கத்துல 'நிரந்தரமா, அண்டசராசரம் முழுக்க'ன்னு போட்டிருந்துது. பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு. அண்டசராசரமாம்டா! செவ்வாக் கெரகத்துல உன் பாட்டு ஓடுனாலும் காசு கம்பெனிக்குத்தான். நீ பொறந்த நட்சத்திரத்துல கூட உனக்கு உரிமை இல்ல.

"தாத்தா, சட்டம் கீது தாத்தா"ன்னு சொல்லுவ. கீது, நல்ல சட்டம்தான். 2012ல காப்புரிமைச் சட்டத்தத் திருத்தனாங்க. ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவுல நின்னு கத்துனாரு அதுக்கு. பாட்டு எழுதனவனும் மெட்டுப் போட்டவனும் ராயல்டியில சம பங்க வுட்டுக் குடுக்க முடியாது, வுட்டுக் குடுத்தன்னு எழுதிக் குடுத்தாலும் அது செல்லாது. சினிமாவுல வர்ற பாட்டுக்கும் உண்டு, உன்ன மாதிரி தனிப்பாட்டுக்கும் உண்டு. அத்த வசூல் பண்ணித் தர்றதுக்கு ஐபிஆர்எஸ்னு ஒரு சொசைட்டி, 1969லருந்து கீது. பாடறவங்களுக்குன்னு இஸ்ரான்னு இன்னொண்ணு, 2013ல வந்துது. ஆனா சொசைட்டியில மெம்பராச் சேரணும், பாட்ட ஒண்ணு வுடாமப் பதிவு பண்ணணும், யாரு வரி, யாரு மெட்டு, யாருக்கு எத்தினி பங்குன்னு எழுதணும். நீ பறை வாங்குறதுக்குப் பதினஞ்சாயிரம் செலவு பண்ண, ஒரு பாரம் நெரப்பல. பறையும் நீ வாசிக்கல, வாடக ஆளு.

இளையராஜா தன் பாட்டுக்கு உரிமை கேட்டப்ப டீக்கடையில என்னமாத் திட்டுனானுங்க தெரியுமா? 2017ல எஸ்.பி.பி.க்கு நோட்டீசு போனப்ப, "இத்தினி சம்பாரிச்சும் ஆச வுடல பாரு"ன்னானுங்க. திட்டுனவன் எல்லாம் வரப்பு அரை அடி நவுந்துதுன்னு செங்கல்பட்டு கோர்ட்டுல அப்பன் காலத்துலருந்து கேசு நடத்தறவன். நிலத்துக்கு வழக்கு போடறவன் விவரமானவன், பாட்டுக்குப் போட்டா பேராசக்காரன். நம்ம ஊரு நியாயம் இது.

ஸ்பாட்டிபையில கொட்டும்னு நம்பிக்கினு கீறியா? அங்க ஒரு பாட்டு வருசத்துல 1000 தபா ஓடலன்னா கணக்குலயே சேக்கறது இல்ல, 2024லருந்து அதுதான் சட்டம். ஓடுனாலும் ஒரு தபாவுக்குக் கெடக்கறது பைசாவுல. அதுல கடக்காரன், கம்பெனிக்காரன், நடுவுல ஏத்தி வுட்டவன் எல்லாம் எடுத்தது போக உனக்கு. காசு வேற எங்க கீது? கச்சேரியில கீது, விளம்பரத்துக்குப் பாட்டக் குடுக்கறதுல கீது. அந்த ரெண்டையும் காகிதத்துல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கான்னு பாரு. பாக்காத, பாக்காத. மறந்துட்டன், படிக்கக் கூடாதுல்ல.

பேரு வந்தாப் போதும் தாத்தா, காசு பின்னாடி வரும்னு சொல்றவனுக்குப் பரவை முனியம்மா கதைய ஞாபகப்படுத்து. 2003ல தூள் படம், அந்தம்மா கொரலு கேக்காத ஊரு இல்ல. 2015ல ஒடம்பு முடியாம, மருந்துக்கும் வழியில்லன்னு பேப்பர்ல வந்தப்பறம் ஜெயலலிதா அரசாங்கத்துல பணம் ஒதுக்கி மாசாமாசம் வர்ற மாதிரி பண்ணாங்க. 2020 மார்ச்சுல போய்ச் சேந்துட்டாங்க. பேருக்குக் கொறச்சலா? தமிழ்நாடு முழுக்க இருந்துது பேரு.

இத்தினி நேரம் உனக்குப் பரிஞ்சு பேசிட்டன். இப்ப உன்னக் கேக்கறன், உத்தரத்தப் பாக்காம என்னப் பாரு.

அந்த நாலாவது பாட்டு. அது ஏதுடா? போன மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடக்கரைக்குப் போன. இருளருங்க குடும்பம் குடும்பமா வந்து, மணல்ல பொடவையக் கட்டிக் குடில் போட்டு, கன்னியம்மாவக் கும்புட்டு, விடிய விடியப் பாடி, விடிஞ்சதும் கல்யாணம் காதுகுத்து பண்ணுவாங்க. அங்க ஒரு கெழவி பாடனத நீ செல்போன்ல புடிச்சுக்கினு வந்த. வூட்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுன, நானும் கேட்டன். நல்ல கொரலு. அந்த மெட்டுத்தான் நாலாவது பாட்டு, நடுவுல அந்தக் கெழவி கொரலே வருது. போஸ்டர்ல இன்னா போட்டிருக்க? 'வரிகள், இசை, குரல்'னு மூணுக்கும் உன் பேரு. கீழ பொடி எழுத்துல 'மரபுப் பாடலின் தாக்கத்தில்'. மரபு எந்தத் தெருவுல குடியிருக்குடா? அதுக்கு ரேசன் கார்டு கீதா?

சட்டத்துல உனக்கு வழி இருக்குன்னு எனக்கும் தெரியும். பரம்பரையா வர்ற பாட்டுக்கு ஆசிரியன் இல்ல, ஆசிரியன் இல்லன்னா உரிம கேக்க ஆளு இல்ல. யாரு வேணா எடுத்து, நாலு தட்டு தட்டி, தன் பேரப் போட்டுக்கலாம். ஆனா கொரலு வேற விசயம். பாடனவங்களுக்கு அவங்க பாடனதுல உரிமை உண்டு, 50 வருசத்துக்கு. அவங்களக் கேக்காம அத்தப் பதிவு பண்ணி விக்க முடியாது. வக்கீல் நோட்டீசு வராதுன்னு உனக்கு தைரியம். அந்தக் கெழவிக்கு வக்கீல் வூடு தெரியாது. கம்பெனிக்காரன் உன்னப் பாத்து அதே தைரியத்துலதான் அந்தப் பெருக்கல் குறியப் போட்டிருக்கான்.

அறிவு 2024ல ஆல்பம் போட்டாரு, முழு ஆல்பம். பேரு இன்னா தெரியுமா? வள்ளியம்மா பேராண்டி. பாட்டி பேரு முன்னாடி, தான் யாரோட பேரன்னு பின்னாடி. அவரு மாதிரி வரணும்னு ஆசப்பட்டா அங்கருந்து ஆரம்பி, தாடியிலருந்து ஆரம்பிக்காத.

சரி, சிரிச்சது போதும். வேல கீது. மாசி மகம் வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்க வேணாம். திருக்கழுக்குன்றம் பக்கம், செங்கல்பட்டு சுத்துப்பட்டு, எல்லா எடத்துலயும் இருளர் குடியிருப்பு கீது. செல்போன்ல இருக்கற அந்தக் கொரலப் போட்டுக் காட்டிக் கேளு, ரெண்டு ஊரு அலஞ்சா ஆளு கெடப்பாங்க. பாட்டப் போட்டுக் காட்டு. சம்மதம்னா பேரு கேட்டு எழுதிக்கினு வா. வேணாம்னு சொன்னா அந்தப் பாட்ட எடுத்துடு, ஆல்பம் அஞ்சு பாட்டோட வரட்டும், ஒண்ணும் கொறஞ்சுடாது. சம்மதிச்சா கச்சேரிக்கும் கூப்புடு, பங்கையும் காகிதத்துல எழுது. கெழவிக்கு ஒரு பொடவ வாங்கிக் குடுத்துட்டு முடிச்சுக்கலாம்னு நெனச்ச, நானே கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு அந்தப் பாட்டு உன்னுது இல்லன்னு சொல்லிடுவன்.

ஞாயித்துக்கெழம அந்தக் காகிதத்த முழுசா எடுத்துக்கினு வா. கோர்ட்டாண்ட நம்ம வரப்பு கேசப் பாக்கற வக்கீலு கீறாரு, பீசு நான் குடுக்கறன். ஒரு பக்கம் வுடாமப் படிச்சு, அண்டசராசரத்த அடிச்சு, அஞ்சு வருசம்னு போடச் சொல்லலாம். ஒத்துக்கலன்னா வேற கம்பெனி பாரு. ஞாயித்துக்கெழம வரைக்கும் பேனாவத் தொடாத.